வெர்சாய்த் தோட்டத்துக்கு அம்மாவோடு போகிறோம்: தண்ணீர் எந்த நாளில் ஓடும்?

ஸ்காபரோ மகள்:

எல்லோருக்கும் வணக்கம். ஓகஸ்ட் நடுவில் ரொறன்ரோவில் இருந்து பரிஸ் வருகிறோம். நான், அம்மா, என் பிள்ளைகள் இரண்டு பேர் (12 வயதும் 9 வயதும்). லா கூர்னெவில் சின்னம்மா வீட்டில் நிற்போம். ஒரு முழு நாளை வெர்சாய்க்கு என்று ஒதுக்கி வைத்திருக்கிறேன். மாளிகைக்குள் போகிற எண்ணம் இல்லை. அம்மாவுக்கு 73 வயது, வலது முழங்காலில் நோ. நீண்ட வரிசையில் நிற்க முடியாது, படி இறங்குவதும் கஷ்டம். ஆனால் பூக்கன்று, தண்ணீர் என்றால் அம்மா நாள் முழுக்க அங்கேயே இருப்பா. அதனால் தோட்டமும் நீரூற்றுகளும் மட்டும் பார்க்கலாம் என்று யோசித்தேன்.

சின்னம்மா வேண்டாம் என்கிறா. இரண்டு வருடத்துக்கு முன் போனபோது ஒரு நீரூற்றும் ஓடவில்லையாம். "தொட்டியில தண்ணி சும்மா கிடக்குது, அதைப் பார்க்கவோ இவ்வளவு தூரம்?" என்று கேட்கிறா. பிள்ளைகளோ வீடியோவில் பார்த்துவிட்டு நாளை எண்ணிக்கொண்டிருக்கிறார்கள்.

எந்த நாள் போனால் தண்ணீர் ஓடும்? அம்மாவால் அவ்வளவு தூரம் நடக்க முடியுமா? நடக்க முடியாவிட்டால் எதை விடலாம், எதை விடக் கூடாது? போய் வந்தவர்கள் கொஞ்சம் விவரமாகச் சொல்லுங்கள்.

போபிஞி தம்பி:

அக்கா, உங்கள் சின்னம்மாவுக்கு நடந்ததுதான் எனக்கும் நடந்தது. நான் போனது ஒரு வியாழக்கிழமை. ரிக்கெற் எடுத்து உள்ளே போனால் வேலிப் புதர்களுக்குள் இருந்து பாட்டுச் சத்தம் மட்டும் வந்தது. பெரிய நீரூற்று ஒன்றும் ஓடவில்லை. கிழமை நாட்களில் சங்கீதம் மட்டும்தான் என்று அந்த ரிக்கெற்றிலேயே எழுதியிருந்தது, நான் கவனிக்கவில்லை. ஏப்ரலில் இருந்து ஒக்டோபர் முடியும் வரை சனியும் ஞாயிறும் போனால் தண்ணீர் ஓடும். சில மாதங்களில் செவ்வாயும் ஓடும். போகிற நாளைத் தோட்டத்தின் சொந்தத் தளத்தில் ஒரு தடவை பார்த்துவிட்டு ரிக்கெற் எடுங்கள். மாளிகை ரிக்கெற் இல்லாமல் தோட்டத்துக்கு மட்டும் எடுக்கலாம்.

ரயில் விஷயம்: லா கூர்னெவில் ஆர்ஈஆர் பி ஏறி சென் மிஷெலில் இறங்கி, ஆர்ஈஆர் சி பிடித்து வெர்சாய் ஷாத்தோ ரீவ் கோஷ் வரை போங்கள். கோடையில் அந்த சி பாதையைத் திருத்த வேலைக்காகப் பரிசுக்குள் மூடுவது வழக்கம். மூடியிருந்தால் சென் லசாரில் எல் ரயில் எடுத்து வெர்சாய் ரீவ் துருவாத்தில் இறங்கலாம்.

கிணற்றடி:

தங்கச்சி, நான் வெர்சாய் ஊருக்குள் ஒரு உணவகத்தின் சமையலறையில் ஒன்பது வருடம் வேலை செய்தவன். மத்தியானச் சமையல் முடிந்து இரவுச் சமையல் தொடங்கும் வரை மூன்று மணித்தியாலம் இடைவேளை. வீட்டுக்குப் போய்த் திரும்ப அந்த நேரம் காணாது. அதனால் நேரே அங்கே போய்விடுவேன். மழை, பனி, வெயில் எல்லாவற்றிலும் பார்த்திருக்கிறேன். ஆகையால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், ஆறுதலாக வாசியுங்கள்.

சின்னம்மாவுக்கு முதலில் இதைச் சொல்லுங்கள். அங்கே தண்ணீர் எல்லா நேரமும் ஓடாததற்குக் காரணம் கவனிப்பில்லாமை அல்ல. 14ஆம் லூயி மன்னன் அந்தத் தோட்டத்தை உண்டாக்கிய நாளிலேயே அப்படித்தான். வெர்சாய் மேட்டு நிலம், பக்கத்தில் சொல்லும்படியான ஆறு கிடையாது. செய்ன் நதி வடக்கே சில கிலோமீற்றர் தள்ளி, நூறு மீற்றருக்கு மேல் பள்ளத்தில் ஓடுகிறது. அப்படிப்பட்ட இடத்தில்தான் உலகத்திலேயே பெயர்போன நீரூற்றுகளை வைத்தார்கள்.

2016 செப்டெம்பரில் என் அம்மாவை அங்கே கூட்டிப் போனேன். நாங்கள் நீர்வேலி, வாழைத்தோட்டக்காரர். மொட்டை மாடி போல இருக்கிற மேல் தளத்தில் நின்று, கீழே நீரூற்றுகள் அடுக்கடுக்காக எழும்புவதை எல்லோரும் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அம்மா கொஞ்ச நேரம் பேசாமல் நின்றா. பிறகு என் கையைப் பிடித்துக் கேட்டா: "தம்பி, இந்த மேட்டுக்கு இவ்வளவு தண்ணியையும் ஆர் இறைச்சது?"

அவ்வளவு வருடம் அங்கே போய் வந்தும் எனக்கு அந்தக் கேள்வி வரவில்லை. யாழ்ப்பாணத்துக்கும் ஆறு இல்லை, குடிக்கிற தண்ணீரும் பாய்ச்சுகிற தண்ணீரும் கிணற்றில் இறைத்ததுதான். வாழ்நாள் முழுக்க இறைத்த தண்ணீரில் தோட்டம் செய்த மனுஷிக்கு வேறு எது முதலில் கண்ணில் படும்? அன்றைக்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை. பிறகு தேடித் தேடி வாசித்தேன்.

சுருக்கமாகச் சொல்கிறேன். முதலில் பக்கத்துக் குட்டையில் இருந்து குதிரை பூட்டிய பம்பாலும் காற்றாடிகளாலும் இறைத்தார்கள். இத்தாலியில் இருந்து வந்த பிரான்சின் குடும்பத்தார்தான் குழாய் வேலை எல்லாம் பார்த்தவர்கள். அது போதாமல் போக, சுற்றியுள்ள மேட்டு நிலத்து மழைநீரைக் குளங்களில் தேக்கி, வாய்க்கால் வெட்டிக் கொண்டுவந்தார்கள். வன்னியில் குளம் கட்டின மாதிரித்தான், ஒன்று நிரம்பினால் அடுத்ததுக்கு. அதுவும் போதவில்லை. 1681இல் இருந்து 1684க்குள் பூஜிவால் என்ற இடத்தில் செய்ன் நதிக்குள் மர்லி இயந்திரத்தைப் பூட்டினார்கள். லியேஜ் பக்கத்துத் தச்சர் ரென்கின் சுவாலெம் செய்தது அது. ஒவ்வொன்றும் பன்னிரண்டு மீற்றர் அளவு உயரமான 14 சில்லுகள். இருநூறுக்கு மேற்பட்ட பம்புகள் மூன்று கட்டமாக 150 மீற்றர் உயரத்துக்குத் தண்ணீரைத் தள்ளின. எங்கள் துலா ஐந்தாறு ஆள் ஆழத்துக் கிணற்றில் இருந்து தூக்கும். அதை அப்படியே ஒரு மலைக்கு ஏற்றினது போல நினைத்துப் பாருங்கள். அதற்குப் பிறகும் தண்ணீர் போதாமல், ஏர் என்ற ஆற்றை 80 கிலோமீற்றர் தூரத்தில் இருந்து கால்வாயாகத் திருப்பப் பார்த்தார்கள். 1685இல் தொடங்கியது. இருபதாயிரத்துக்கு மேற்பட்ட படைவீரர்களை மண் வெட்ட விட்டார்கள். சதுப்புக் காய்ச்சலில் பெருந்தொகையானோர் செத்தார்கள். 1688இல் சண்டை வர வேலை நின்றது. பிறகு அது முடியவே இல்லை.

அதனால்தான் மன்னன் உலாவப் போகிற நாளிலும் எல்லாவற்றையும் ஒன்றாகத் திறந்துவிட முடியவில்லை. நீரூற்றுக்காரர்கள் ஆங்காங்கே நிற்பார்கள். மன்னன் வருவது தெரிந்ததும் விசில் அடிப்பார்கள், அடுத்தவன் தன்னுடையதைத் திறப்பான். அவர் தாண்டிப் போனதும் முதல் ஆள் மூடிவிடுவான். இதை வாசித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. ஏனென்றால் சின்ன வயதில் நான் செய்த வேலை அதுதான். தொண்ணூறுகளில் மண்ணெண்ணெய்த் தட்டுப்பாட்டில் வோட்டர் பம் சும்மா கிடக்க, அப்பா பழைய துலாவைத் திரும்பப் பூட்டினார். மாமா துலா மிதிக்க, அப்பா பட்டை பிடிக்க, நான் பாத்தியில் தண்ணீர் கட்டினேன். ஒரு பாத்தி நிரம்பியதும் மண்வெட்டியால் அதன் வாயை அடைத்து, அடுத்த பாத்தியின் வாயை வெட்டி விட வேண்டும். கொஞ்சம் பராக்குப் பார்த்தால் தண்ணீர் வீண். "சரி, மாறு" என்று அப்பா கிணற்றடியில் இருந்து குரல் கொடுப்பார். வெர்சாயில் அதற்கு விசில்.

இன்றைக்கும் அங்கே பெரும்பாலும் பழைய முறைதான். மேலே உள்ள தேக்கங்களில் இருந்து தண்ணீர் தன் பாரத்தில் இறங்கி வந்து குழாய் வாயில் பீறிடுகிறது. கீழே பெரிய கால்வாயில் சேர்வதை மட்டும் இந்தக் காலத்துப் பம்ப் திரும்ப மேலே ஏற்றும். மண்ணுக்குள் 35 கிலோமீற்றர் குழாய் கிடக்கிறது. 17ஆம் நூற்றாண்டு வார்ப்பிரும்புக் குழாய்கள் இன்னும் அதில் வேலை செய்கின்றன. ஐம்பதுக்கு மேற்பட்ட நீரூற்றுகளை ஆட்கள்தான் நீண்ட சாவி போட்டுத் திருகித் திறக்கிறார்கள். தரையில் ஒரு சின்ன மூடி திறந்திருக்க, பக்கத்தில் ஒருவர் குனிந்து நிற்கக் கண்டால் நின்று பாருங்கள். இரண்டு முறை திருகுவார், முதலில் குழாய் இருமுவது போலக் காற்றைத் துப்பும், அப்புறம் கலங்கலாகக் கொஞ்சம், பிறகுதான் வெள்ளையாக எழும்பும். வோட்டர் பம் முதல் தண்ணீர் கக்குவதைப் பார்த்தவர்களுக்கு அந்தச் சத்தம் உடனே பிடிபடும்.

சரி, அம்மாவின் காலுக்கு வருகிறேன். தண்ணீர் காலையில் கொஞ்ச நேரமும் பிற்பகலில் கொஞ்ச நேரமும் ஓடும். இடையில் நிற்கும். மாளிகைக்கு முன்னால் உள்ள முற்றம் கரடுமுரடான கல் பதித்தது, அதில் அம்மாவை மெதுவாகக் கூட்டிப் போங்கள். உள்ளே எல்லாம் சரளை மண், செருப்பு வேண்டாம், சப்பாத்துப் போடச் சொல்லுங்கள். குடையும் தேவை, மேல் தளத்தில் நிழலே இல்லை.

மேல் தளத்தில் இருந்து லத்தோனா நீரூற்றுக்கு நடுவில் படி இருக்கும். அதை விடுங்கள். இரண்டு பக்கமும் லாடம் போல வளைந்து இறங்குகிற சரிவுப் பாதை உண்டு. அதில் போனால் முழங்கால் தாங்கும்.

லத்தோனாவில் அரை மணித்தியாலம் இருங்கள். வேறு எதை விட்டாலும் இதை விட வேண்டாம். நான்கு அடுக்குப் பளிங்கு, உச்சியில் ஒரு தாய், இரண்டு பக்கமும் இரண்டு பிள்ளைகள். தாகத்தோடு வந்த அந்தத் தாய் ஒரு குளத்தில் தண்ணீர் குடிக்கக் குனிகிறாள். அந்த ஊர்க் குடியானவர்கள் விடவில்லை. குளத்துக்குள் இறங்கிச் சேற்றைக் கலக்கிவிட்டார்கள். அவள் வேண்டிக்கொள்ள, அவர்கள் தவளைகளாகப் போனார்கள். ரோமர் காலத்துப் பழைய கதை. கிட்டப் போய்ப் பாருங்கள். கீழடுக்குகளில் பொன் பூசின முழுத் தவளைகள். மேலே போகப் போக, உடம்பு ஆளின் உடம்பு, முகம் மட்டும் தவளை முகம். அகலத் திறந்த வாய்க்குள் இருந்து தண்ணீர் பீறி அந்தத் தாயை நோக்கியே வளைந்து விழுகிறது. கேட்டபோது மறுத்த தண்ணீரை முந்நூற்றைம்பது வருடமாகத் துப்பிக்கொண்டிருக்கிறார்கள்.

அம்மாவுக்கு இந்தக் கதையைச் சொன்னேன். சிரிக்கவில்லை. "தாகத்துக்குத் தண்ணி கேட்டவளுக்கு இல்லை எண்டவையோ?" என்று மட்டும் கேட்டா. கொஞ்சம் பொறுத்து, ஊரில் எங்கள் கிணற்றுக் கட்டில் ஏற விடாமல் தூரத்தில் நிறுத்தி வைத்துச் சிலருக்குத் தண்ணீர் வார்த்ததைத் தானாகவே சொல்லத் தொடங்கினா. பட்டையைத் தூக்கி வார்க்க, அவர்கள் கையை ஏந்திக் குடித்ததை. "நானும் அப்பிடி வார்த்திருக்கிறன்" என்றா. அதுவரை அம்மா அதைப் பற்றி எங்களோடு கதைத்ததே இல்லை. நாங்கள் இரண்டு பேரும் அந்தக் கல் வாங்கிலில் தண்ணீர் நிற்கும் வரை இருந்தோம்.

அதற்குக் கீழே பச்சைப் புல்வெளி 335 மீற்றர் நீளம். அம்மாவால் முடியாவிட்டால் நடக்க விட வேண்டாம். மாளிகையின் வடக்குப் பக்கத்தில் இருந்து சின்ன ரயில் வண்டி ஒன்று பெரிய கால்வாய் வரை போகும். அதில் ஏறி இறங்கினால் அப்பொல்லோ நீரூற்றைக் கிட்டப் பார்க்கலாம். தண்ணீருக்குள் இருந்து குதிரைகள் பூட்டிய தேர் எழும்பி வரும். சூரியன் கடலில் இருந்து புறப்படுகிற காட்சி.

புதர்ச் சோலைகளுக்குள் இருப்பவற்றில் இரண்டைச் சொல்வேன். ஒன்று, நடன மண்டபச் சோலை. படிப்படியாகக் கல்லும் சிப்பியும் பதித்து, அதன் மேலே தண்ணீர் வழிந்து இறங்கும். ஆபிரிக்கக் கரையில் இருந்தும் மடகஸ்காரில் இருந்தும் கொண்டுவந்த சிப்பிகள். பீறிடுகிற தண்ணீரை விட வழிகிற தண்ணீர் எனக்கு எப்போதும் கூடப் பிடிக்கும். மற்றது என்செலாது. பாறைக் குவியலுக்குள் அமிழ்ந்து கொண்டிருக்கிற ஒரு இராட்சதன், தலையும் கையும்தான் வெளியே. அவன் வாயில் இருந்து தண்ணீர் பெரிய மரத்து உயரத்துக்குப் போகும். பிள்ளைகள் அந்த இடத்தை விட்டு வர மாட்டார்கள்.

கடைசி, நெப்தியூன். பின்னேரம் ஐந்து மணிக்குப் பிறகு மற்றவை எல்லாம் அடங்கியதும் வடக்கு ஓரத்தில் இதைத் திறப்பார்கள். 99 பீச்சுகள். அதற்குப் பக்கத்தில் பறவைநாகச் (டிராகன்) சிலையின் வாயில் இருந்து தண்ணீர் 27 மீற்றர் எழும்பும். சனம் முன்கூட்டியே வந்து புல் சரிவில் இடம் பிடிக்கும். அரை மணித்தியாலம் முன்னால் போய் அம்மாவை இருத்திவிடுங்கள். முடிந்ததும் அந்தப் பக்கத்து வாசலாலேயே வெளியே வரலாம். அங்கிருந்து ரீவ் துருவாத் ரயில் நிலையம் கிட்ட, திரும்ப மேட்டில் ஏறத் தேவையில்லை.

ஒபெர்வில்லியே அக்கா:

கிணற்றடி அண்ணா எழுதியதற்கு மேல் எனக்கு அதிகம் இல்லை. பிள்ளைகளோடு மூன்று தடவை போனவள் என்ற முறையில் சொல்கிறேன். சாப்பாடு கட்டிக்கொண்டு போங்கள், ஆனால் தோட்டத்துக்குள் விரித்து இருந்து சாப்பிட விட மாட்டார்கள். அப்பொல்லோவைத் தாண்டிப் பூங்காப் பக்கம் போய்விட்டால் தாராளமாகச் சாப்பிடலாம். ரிக்கெற்றை எறிந்துவிடாதீர்கள், திரும்ப உள்ளே வரக் கேட்பார்கள். நாங்கள் புளிச்சோறும் கத்தரிக்காய்ப் பொரியலும் கொண்டுபோனோம், பின்னேரம் வரை பழுதாகவில்லை. காலைத் தண்ணீருக்கும் பிற்பகல் தண்ணீருக்கும் நடுவில் பெரிய கால்வாயில் துடுப்புப் படகு வாடகைக்கு எடுக்கலாம். 12 வயது மகனுக்கு அது போதும்.

சனிக்கிழமை இரவுக் காட்சியும் இருக்கிறது, ஜூனில் இருந்து செப்டெம்பர் வரை. விளக்கு, புகை, கடைசியில் வாணவேடிக்கை. அழகுதான், ஆனால் முடிய இரவு பதினொரு மணியாகும். முழங்கால் நோவோடு அந்தச் சனத்துக்குள் கடைசி ரயிலுக்கு ஓடுவது அம்மாவுக்குச் சரிவராது.

ஸ்காபரோ மகள்:

எல்லோருக்கும் நன்றி. கிணற்றடி அண்ணா, நீங்கள் எழுதியதைத் தொலைபேசியில் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அம்மா உரும்பிராய். துலா மிதித்த இடம் வந்ததும் திரும்ப ஒரு தடவை வாசிக்கச் சொன்னா. ஞாயிற்றுக்கிழமைக்கு ரிக்கெற் எடுத்துவிட்டேன். போய் வந்து எழுதுகிறேன்.

ஸ்காபரோ மகள்:

போய் வந்தோம். நேற்றைக்கே எழுதியிருக்க வேண்டும், எல்லோருக்கும் களைப்பு. சி பாதை மூடித்தான் இருந்தது, தம்பி சொன்னபடி சென் லசாரால் போனோம். சின்னம்மாவும் கடைசி நேரத்தில் வெளிக்கிட்டு வந்தா.

சரிவுப் பாதையால் இறங்கினோம், அம்மா இரண்டு இடத்தில் மட்டும் நின்றா. லத்தோனாவில் பிள்ளைகள் ஒவ்வொரு தவளையாக எண்ணிக்கொண்டு சுற்றினார்கள். சின்னவள் முகம் மாறிக்கொண்டிருக்கிற ஒரு ஆளைக் காட்டி, "இவர் இப்ப மன்னிப்புக் கேட்டால் திரும்ப மனிசனாக வரலாமோ?" என்று அம்மம்மாவிடம் கேட்டாள். அம்மா அதற்குப் பதில் சொல்லவில்லை, அவளைப் பக்கத்தில் இருத்தித் தன் போத்தல் தண்ணீரைக் குடிக்கக் கொடுத்தா.

நீங்கள் சொன்ன சாவி ஆளையும் கண்டோம், நடன மண்டபச் சோலைக்கு வெளியே. அம்மா வேலியோரமாகப் போய் நின்று, அவர் திறந்து முடிக்கும் வரை பார்த்தா. அவர் நிமிர்ந்ததும் அம்மா தலையை ஆட்டினா. அவரும் ஆட்டினார். நெப்தியூனில் 99 பீச்சும் ஒன்றாக எழும்பினபோது சின்னம்மா எழுந்து நின்றுவிட்டா.

ஒரு கேள்வி. முடியாமல் நின்றுபோன அந்தக் கால்வாய் இன்னும் இருக்கிறதா? அம்மா நேற்று இரவு முழுக்க அதைத்தான் கேட்கிறா. செத்த அந்தப் பொடியள் எந்த இடத்தில் வேலை செய்தவர்கள் என்று பார்க்க வேண்டுமாம். எங்களுக்கு அடுத்த புதன்தான் விமானம்.

கிணற்றடி:

இருக்கிறது, தங்கச்சி. மந்த்நோன் என்ற ஊரில். கால்வாயைப் பள்ளத்தாக்குக்கு மேலால் கொண்டுபோகக் கட்டத் தொடங்கிய வளைவுகள் அந்த ஊர் மாளிகைத் தோட்டத்துக் கோடியில் நிற்கின்றன. மேலே செடி முளைத்து, சில இடங்களில் இடிந்து, ஆனால் வரிசையாக நிற்கின்றன. மோன்பர்நாஸில் ஷார்த்ர் போகிற ரயில் ஏறி மந்த்நோனில் இறங்க வேண்டும். நிலையத்தில் இருந்து மாளிகைக்கு நடக்கலாம், சமதரை, அம்மாவால் முடியும்.

என் அம்மாவுக்கும் அதைக் காட்டுவதாகச் சொல்லியிருந்தேன். வேலை, விடுமுறை, அடுத்த கோடை என்று தள்ளிக்கொண்டே போனேன். 2019 மார்கழியில் அம்மா போய்விட்டா. நான் பிறகு தனியாகத்தான் போய்ப் பார்த்தேன்.

வருகிற ஞாயிறு எனக்கு ஓய்வு. காலை ஒன்பது மணிக்கு மோன்பர்நாஸ் நிலையத்தில் நிற்கிறேன், உங்கள் அம்மாவுக்குச் சரி என்றால் நானும் கூட வருகிறேன். குடையை மறக்க வேண்டாம்.